மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது

என் அக்காவைக் கட்டியவரை எங்கள் தெருவில் எல்லோரும் ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவர் எதற்கும் மேனேஜராக இருந்ததில்லை. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கித் தரும் ஒரு கம்பெனியில் சுமை தூக்குகிறவர். பீரோ, கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், எப்போதாவது ஒரு பியானோ. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை.

பட்டம் வந்தது ஒரு சட்டையால். மற்ற ஆட்கள் கம்பெனி கொடுத்த பனியனோடு லாரியிலிருந்து குதிப்பார்கள். இவர் மட்டும் அதற்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை போட்டிருப்பார். பையில் ஒரு பேனா. முதல் பீரோவுக்குப் பட்டை கட்டும்வரை அந்தச் சட்டை உடம்பில் இருக்கும். கதவைத் திறக்கும் வீட்டுக்காரம்மா எல்லா ஆட்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பேனா வைத்திருப்பவரிடம், “நீங்கதான் மேனேஜரா?” என்பார். இவர், “சொல்லுங்கம்மா” என்பார். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. கூட வேலை செய்தவர்கள் கிண்டலுக்கு ‘மேனேஜர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தெருக்காரர்கள் அது கிண்டல் என்று தெரியாமல் கூப்பிட்டார்கள். நாளாக நாளாகக் கிண்டல் செய்தவர்களுக்கே அது மறந்துபோய்விட்டது.

அத்தான் பொய் சொல்கிறவர் இல்லை, அளந்து விடுகிறவர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. “நான் காலேஜ்ல இருந்தப்ப...” என்று ஆரம்பிப்பார். இருந்தது நிஜம். ஒரு காலேஜின் நூலகத்தைப் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாற்ற ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அவர் காலேஜில்தான் இருந்தார். “எனக்கு அஞ்சு பாஷை தெரியும்” என்பார். அதுவும் நிஜம்தான். ‘மெதுவா’, ‘இறக்கு’, ‘கை பத்திரம்’ என்ற மூன்றையும் ஐந்து பாஷையில் சொல்வார். பல ஊர் ஆட்களோடு படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கட்டிலைத் திருப்ப அதற்கு மேல் எந்த இலக்கணமும் தேவைப்படவில்லை.

வயது விஷயத்திலும் இப்படித்தான். கம்பெனியில் சேரும்போது முதலாளி சின்னப் பையன்களாகத் தேடியிருக்கிறார். இவர் ஐந்து வருஷத்தைத் தள்ளுபடி செய்து சொல்லிவிட்டார். கம்பெனிப் பதிவில் ஏறிய அந்த வயது பிறகு எல்லா அட்டைகளிலும் ஏறிக்கொண்டது. அதற்குத் தகுந்தாற்போலத் தலைமுடியையும் வைத்துக்கொண்டார். அழகு நிலையம் நடத்தும் அவருடைய அக்கா மாதம் தவறாமல் மை கொடுத்தனுப்புவார். என் அக்கா மகள் கூப்பிடுகிற மாதிரியே நாங்கள் எல்லோரும் அந்த அம்மாளைப் ‘பார்லர் அத்தை’ என்றுதான் சொல்வோம். பார்லர் அத்தையின் கைவண்ணத்தில் அத்தானின் தலை பாலிஷ் போட்ட செருப்பு மாதிரி மின்னும்.

விபத்து நடந்தது ஒரு மூன்றாவது மாடியில். கண்ணாடி பதித்த பீரோ ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கீழ் முனை. மேலே பிடித்திருந்தவருக்குக் கால் வழுக்கியது. மொத்தக் கனமும் அத்தான் மேல் சரிந்தது. விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்னால் இரண்டு படி கீழே வீட்டுக்காரம்மா பூனைக்கூடையோடு நின்றிருந்தார். அத்தான் விடவில்லை. பீரோ நின்றது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தானின் இடுப்பெலும்புக்கு மேலேதான் ஏதோ நசுங்கியது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பீரோ கொஞ்சம் வளர்ந்தது. மூன்றாம் வாரம் அது லிப்டுக்குள் நுழையாத அளவுக்கு வந்துவிட்டது. அக்கா, “போதும், அதுக்கு மேல வளர்ந்தா கட்டடத்த இடிக்கணும்” என்றாள்.

சிரித்தோமே தவிர, நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. ஆபரேஷன் முடிந்து, ஒரு வருஷம் மருந்தும் பயிற்சியுமாக ஓடி, கடைசியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். கனமாக எதையும் தூக்கக் கூடாது. குனியக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார முடியாது. வலது காலில் பாதி நேரம் மரமரப்பு. கம்பெனி ஒரு பழக்கூடையையும் வாழ்த்து அட்டையையும் அனுப்பிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. என் அக்கா ஒரு துணிக்கடையின் பின்கட்டில் பேன்ட்டுக்குக் கீழ்மடிப்புத் தைக்கிறவள். அவள் சம்பாத்தியத்தில் வீடு நொண்டியடித்தது. உழைக்க முடியாமல் போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று முடிவானது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் கம்ப்யூட்டரைத் திறந்து கேள்விகளைப் படித்தாள். அப்பா பதில் சொன்னார். நான் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

“படிப்பு?”

“பத்தாவதுக்கு மேலன்னு போடு.”

“மேலன்னா?”

“மேலன்னா மேலதான்.”

“பாஷை?”

“அஞ்சு.”

“பாத்த வேலை?”

“ஆளுங்கள மேற்பார்வை பாக்கறது. வாடிக்கையாளர்கிட்டப் பேசறது.”

“கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேக்கறான், அப்பா.”

“பழக்கம் உண்டுன்னு போடு.” மகளின் கம்ப்யூட்டரில் அவர் சீட்டு விளையாடுவார்.

நான், “அத்தான், கிடைக்கணும்னுதானே எழுதறோம்?” என்றேன்.

“மச்சான், ஒரு ஆபீசுக்கு எழுதும்போது கவுரவமா எழுதணும். ஒண்ணும் தெரியாதவன்னு போட்டா எவன் மதிப்பான்?”

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மகள் படித்துக் காட்டினாள். உங்கள் முதுகின் நிலையை முழுமையாக ஏற்கிறோம். இனி நீங்கள் பாரம் தூக்க முடியாது என்பதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் வயது ஐம்பதுக்குக் கீழே. படிப்பும், மேற்பார்வை அனுபவமும், பல மொழி அறிவும் உள்ளதால் இலகுவான அலுவலக வேலைகளுக்கு நீங்கள் தகுதியானவர் என்று கருதுகிறோம். எனவே உதவித்தொகை இல்லை.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. அத்தானுக்கோ முகத்தில் பல்பு எரிந்தது. “அந்த இடத்த இன்னொரு தடவ படிம்மா. ‘அலுவலக வேலைகளுக்கு’...”

“தகுதியானவர்,” என்றாள் மகள்.

“பாத்தியா? அரசாங்கமே சொல்லுது!” அன்று மாலை முடிதிருத்தும் கடைக்காரர், பால்காரர், கீழ்வீட்டு பிளம்பர் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. வேலை இல்லை, பணம் இல்லை, மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

இரவு சாப்பாட்டின்போது அக்கா கேட்டாள்: “அந்த ஆபீஸ்ல எப்போலேர்ந்து சேர்றீங்க?”

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. அடுத்த வாரமே ஒரு கிடங்கில் பில் போடும் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, சட்டை பேனாவோடு கிளம்பினார். வண்டியில் கொண்டுபோய் விட்டது நான்தான். நல்ல மனிதர்கள், நாற்காலி போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, வந்த சரக்கின் பெயர்களை ஏற்றச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அத்தான் திரையைப் பார்த்தார். விசைகளைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டினார், மடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். டீ வருவதற்குள் வெளியே வந்துவிட்டார்.

“என்ன ஆச்சு அத்தான்?”

“நாற்காலி சரியில்ல,” என்றார். வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. அத்தான் பேசாமல் வருவது, ரேடியோ பாதியில் நின்றுபோன மாதிரி இருக்கும்.

மகள்தான் இலவசச் சட்ட உதவி மையம் ஒன்றைப் பிடித்தாள். அங்கிருந்த வக்கீல் அம்மா சைக்கிளில் வருகிறவர். கையில் எப்போதும் ஒரு ஹெல்மெட் இருக்கும், மேஜை மேல் வைத்துவிட்டு அதன் மேலேயே காகிதத்தைச் சாய்த்துப் படிப்பார். எங்கள் விண்ணப்பத்தைப் படித்தார். நிராகரித்த கடிதத்தைப் படித்தார். பிறகு அத்தானைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

“சார், உங்க முதுகப் பத்தி யாருக்கும் சந்தேகமே இல்ல. டாக்டர் எழுதினத அப்படியே ஒத்துக்கிட்டாங்க. சிக்கலெல்லாம் முதுகுக்கு வெளிய இருக்கு.”

“அப்படின்னா?”

“இந்தச் சட்டம் உடம்ப மட்டும் பாக்காது. அதே முதுகு வலி முப்பது வயசு டிகிரிக்காரருக்கு வந்தா வேற வேலைக்குப் போங்கன்னு சொல்லும். அம்பதத் தாண்டினவர், அதிகம் படிக்கல, வாழ்க்கை முழுக்கப் பாரம் தூக்கற வேலை மட்டும்தான் பாத்திருக்கார்னா, இனிமே இவர் புதுசா ஒரு தொழில் கத்துக்கிட்டுப் பொழைக்கறது கஷ்டம்னு சொல்லி உதவித்தொகை கொடுக்கும். வயசு, படிப்பு, பழைய வேலை. இந்த மூணுதான்.”

அத்தான் மெதுவாக யோசித்தார். “அதாவது, நான் வயசானவன், படிக்காதவன், ஒரு வேலையும் தெரியாதவன்னு நாமளே போய்ச் சொல்லணும்.”

“சொன்னா மட்டும் போதாது. நிரூபிக்கணும்.”

“இதுல ஏதாவது ஒண்ண மட்டும் நிரூபிச்சாப் போதாதா?”

“மூணும் வேணும் சார்.”

அத்தான் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது. கப்பல் கவிழ்ந்த மாதிரி என்பார்களே, அப்படி.

வயதில் சிரமம் இருக்கவில்லை. பிறப்புப் பதிவு வாங்கியதில் அவருக்கு ஐம்பத்து மூன்று என்று பளிச்சென்று இருந்தது. கம்பெனிப் பதிவு தவறு என்று சொல்ல, கூடப் பிறந்தவர் யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்றார் வக்கீல் அம்மா. கூடப் பிறந்தவர் என்றால் பார்லர் அத்தை ஒருவர்தான்.

பார்லர் அத்தை, வாடிக்கையாளர் முகத்தில் எதையோ பூசிக்கொண்டே விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவன் வயச எத்தன வேணாலும் சொல்றேன். ஆனா என் வயச யாரும் கேக்கக் கூடாது.”

“உங்க வயச எதுக்கு அத்தை கேக்கப் போறாங்க?” என்றேன்.

“கேக்க மாட்டாங்கல்ல? உங்க மாமாவுக்கு ஒரு கணக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அது கெடக் கூடாது.”

அடுத்த பிரச்சினை தலைமுடி. “கொஞ்ச நாள் மை போடாம இருங்க சார்” என்று வக்கீல் அம்மா போகிற போக்கில் சொல்லியிருந்தார். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்க்கிறவர்கள் மனிதர்கள்தானே என்றார். அத்தான் பத்து நாள் வீட்டுக்குள் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் காலையில் அக்கா அந்தத் தொப்பியைத் தோய்த்துப் போட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் வெறும் தலையோடு சமையலறைக்கு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். நெற்றியோரம், காதோரம் எல்லாம் வெள்ளை. அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு அவரையே பார்த்தாள்.

“என்னடி, கிழவனா இருக்கேனா?”

“இல்ல,” என்றாள் அக்கா. “நான் கட்டிக்கிட்ட ஆளோட அண்ணன் மாதிரி இருக்கீங்க. பரவாயில்ல, லட்சணமாத்தான் இருக்கு.” அன்று முழுக்க அவர் தொப்பியைத் தேடவில்லை.

விசாரணைக்கு முன்னால் வீட்டில் ஒத்திகை நடந்தது. அக்கா அதிகாரி. சோபா விசாரணை அறை.

“என்ன படிச்சிருக்கீங்க?”

“அது வந்து... அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துல. அதுக்கப்புறம் உலகத்தப் படிச்சேன்.”

“உலகம் சர்ட்டிபிகேட் குடுத்துச்சா?”

“ஏன்டி, அதிகாரி இப்படியா கேப்பாங்க?”

“இத விட மோசமா கேப்பாங்க. திரும்பச் சொல்லுங்க. என்ன படிச்சிருக்கீங்க?”

“அஞ்சாவது.” அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வருவதற்குள் பியானோவே இறங்கியிருக்கும்.

“வேற என்ன வேலை தெரியும்?”

“எல்லா வேலையும்...” என்று ஆரம்பித்தார். மகள் தலையணையை எடுத்து எறிந்தாள்.

அந்த வாரம் முழுவதும், வீட்டில் யார் எங்கே அவரைப் பார்த்தாலும், “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்போம். அவர், “ஒண்ணும் தெரியாது” என்று சொல்ல வேண்டும். குளியலறையிலிருந்து வரும்போது கேட்போம். செருப்பு மாட்டும்போது கேட்போம். கடைசி நாள்களில் கேட்காமலேயே சொல்லப் பழகிவிட்டார். கீழ்வீட்டு பிளம்பர், “மேனேஜர் சார், மணி என்ன?” என்று கேட்டபோதும், “ஒண்ணும் தெரியாது” என்றிருக்கிறார்.

விசாரணை அறை சின்னது. நீள மேஜை, ஒலிப்பதிவு இயந்திரம், தண்ணீர்க் குடுவை. அதிகாரி நரைத்த கூந்தலை முடிந்து கட்டிய அம்மாள். யார் பேசினாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறவர். அவருக்குப் பக்கத்தில் வேலை நிபுணர் என்று ஒருவர். எந்த உடம்பு எந்த வேலைக்கு ஆகும் என்று சொல்வது அவர் தொழில். ஜலதோஷம் பிடித்தவர், மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான், அக்கா, மகள் மூவரும் சுவரோர நாற்காலிகளில். பார்லர் அத்தையின் கணவர் வெளியே பெஞ்சில்.

முதலில் பார்லர் அத்தை. தம்பியின் வயதை மணி மணியாகச் சொன்னார். அவன் பிறந்தபோது தான் வீட்டில் இருந்ததையும், பள்ளிக்கூடத்தை விட்டு அஞ்சாவதோடு அவன் நின்றதையும் சொன்னார். “அப்பா போயிட்டாரு. சந்தைல மூட்டை இறக்கப் போயிட்டான். அழுதுக்கிட்டேதான் போனான். ரெண்டாம் நாளே மூட்டை தூக்கறதுலயும் தான்தான் பெரிய ஆளுன்னு வந்து சொன்னான்.”

அதிகாரி சிரித்தார். “அவர் பிறந்தது உங்களுக்கு நினைவிருக்கா? அப்போ உங்களுக்கு என்ன வயசு?”

பார்லர் அத்தை கதவைப் பார்த்தார். மேஜை மேல் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. பதிவாகணும்.”

“நாலு!” என்றார் பார்லர் அத்தை. கோபத்தில் அது தேவைக்கு மேலேயே சத்தமாக வந்துவிட்டது. கூட்டிப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் அத்தைக்கு ஐம்பத்தேழு என்று விளங்கிவிடும். வெளியே பெஞ்சில் இருந்தவர் தபால் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர்.

அடுத்தது அத்தான். வயது கேட்டார்கள். ஒழுங்காகச் சொன்னார். படிப்பு கேட்டார்கள். “அஞ்சாவது” என்றார். நாங்கள் மூச்சுவிட்டோம். பிறகு வேலை நிபுணர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “உங்களுக்குக் கீழ எத்தனை பேர் வேலை செஞ்சாங்க?”

கேள்வியில் ஒரு ‘கீழ’ இருந்தது. அத்தானால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. “சாதாரண நாள்ல ஆறு பேரு. பெரிய வேலைன்னா பத்துப் பன்னெண்டு. எல்லாம் நம்ம சொல்லுதான்.”

அக்கா இருமினாள். மகள் இருமினாள். வேலை நிபுணர், தன்னுடைய ஜலதோஷம் பரவிவிட்டதோ என்று கவலையோடு எங்களைப் பார்த்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அவங்கள வேலைக்கு எடுக்கறது யாரு?”

“முதலாளி.”

“யாருக்கு எந்த வீடுன்னு பிரிச்சுக் கொடுக்கறது?”

“ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க.”

“அப்போ நீங்க?”

“நான் கீழ் முனை பிடிப்பேம்மா.”

“அப்படின்னா?”

“படில இறங்கும்போது மேல பிடிக்கிறவனுக்குப் பாதிக் கனம்கூட வராது. கீழ இருக்கறவன் மேலதான் எல்லாம் இறங்கும். அதனால நான் அங்க நிப்பேன்.”

“மேற்பார்வைன்னு எழுதியிருக்கீங்களே?”

அத்தான் கொஞ்சம் நெளிந்தார். “தூக்கிக்கிட்டே சத்தம் போடுவேம்மா. இடது, வலது, மெதுவான்னு. அதத்தான் அப்படிச் சொன்னேன்.”

ஐந்து பாஷைக்கும் கணக்குக் கேட்டார்கள். மூன்று சொற்களையும் ஐந்து பாஷையில் சொல்லிக் காட்டினார். வேலை நிபுணர் அதில் ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்டவர் போலிருக்கிறது. ‘இறக்கு’ என்று அத்தான் நினைத்திருந்த சொல்லுக்கு அந்த பாஷையில் ‘ஐயோ’ என்று அர்த்தம் என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அத்தானும் சிரித்தார்.

பிறகுதான் அந்தக் காகிதம் வந்தது. கிடங்கு வேலை, பில் போடும் வேலை என்று சொல்கிறோமே, இதை வாசிக்க முடியுமா பாருங்கள் என்று அதிகாரி ஒரு பக்கத்தை நகர்த்தினார். ஏதோ பொருள்களின் பட்டியல், அதற்குக் கீழே நாலைந்து வரி.

அத்தான் சட்டைப் பையைத் தட்டினார். “கண்ணாடி கொண்டு வரலம்மா.”

இதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவருக்குக் கண்ணாடி மறந்துவிடும். நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஒரு சமயம் விடாப்பிடியாக அவரை உட்காரவைத்துச் சோதித்தோம். எழுத்துப் பலகையைக் காட்டினால், “எல்லாம் தெளிவா இருக்கு” என்றார், ஒன்றையும் வாசிக்கவில்லை. குச்சிகள் எந்தப் பக்கம் நீட்டுகின்றன என்று கை காட்டும் பலகையை வைத்ததும், கடைசி வரிவரை பிசகாமல் காட்டினார். எனக்கு அப்போதே பொறி தட்டியது. மச்சான் முறையில் எதை வேண்டுமானாலும் கேலி செய்யலாம், ஆனால் இதைக் கேட்க வாய் வரவில்லை. சும்மா இருக்கட்டும் என்று பவர் இல்லாத கண்ணாடி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

அதிகாரி, “பரவாயில்ல, யாராவது கண்ணாடி கொடுங்க” என்றார். வேலை நிபுணர் தன்னுடையதைக் கழற்றி நீட்டினார்.

அத்தான் அதை வாங்கினார். போட்டுக்கொள்ளவில்லை. கையில் வைத்து மடக்கினார், திறந்தார். பிறகு மேஜை மேல் வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமல், “கண்ணு நல்லாத்தாம்மா தெரியுது. எழுத்துதான் தெரியல,” என்றார். “கடைப் பேரு, கதவு நம்பர் இதெல்லாம் பழக்கத்துல பாத்துக்குவேன். வரிவரியா எழுதினா, அது எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான். அஞ்சாவது வரைக்கும் போனது நெஜம். கத்துக்கிட்டது கொஞ்சம். அதுவும் போயிடுச்சு.”

மகள் என் கையைப் பிடித்தாள். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அதிகாரி அதைக் கவனித்திருக்க வேண்டும். “உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்றார்.

“கல்யாணமாகி முதல்ல சினிமாவுக்குப் போனோம்,” என்றாள் அக்கா. “நடுவுல ‘சில ஆண்டுகளுக்குப் பிறகு’ன்னு எழுத்து போட்டான். இவர் படத்தப் பாக்காம என் முகத்தப் பாத்தாரு. அப்போ தெரிஞ்சுக்கிட்டேன். அவர் சொல்லல, நானும் கேக்கல. அன்னிலேர்ந்து கண்ணுல படறத எல்லாம் வாய்விட்டுப் படிக்கறது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சுவரொட்டி, டூத்பேஸ்ட் டப்பா என்று எதைப் பார்த்தாலும் உரக்கப் படிக்கும் பழக்கம் அக்காவுக்கு உண்டு. ‘எங்க வீட்டு லவுட் ஸ்பீக்கர்’ என்று நாங்கள் கேலி செய்யாத நாள் இல்லை. அதிகமாகக் கேலி செய்தவர் அத்தான்தான்.

இப்போது அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு வேலை நிபுணரிடம், இந்த வயது, இந்தப் படிப்பு, இந்த அனுபவம், இந்த உடம்பு உள்ளவருக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டார். அவர் புத்தகத்தைப் புரட்டினார். தும்மினார். “முன்ன நான் எழுதின எதுவும் பொருந்தாது. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல,” என்றார்.

வெளியே வந்தபோது தபால் அலுவலகத்து மாமா பெஞ்சிலேயே இருந்தார். பார்லர் அத்தை அவரை நேராகப் பார்க்காமல் கைப்பையைத் துழாவினார். மாமா எழுந்து, மிகவும் பணிவாக, “எனக்கு அம்பத்தஞ்சு. இனிமே உன்ன அக்கான்னு கூப்பிடவா?” என்றார். அத்தை கைப்பையால் அடித்த அடியில்தான் அன்று எல்லோருக்கும் இறுக்கம் கலைந்தது.

தீர்ப்பு சாதகமாக வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் மட்டும் ஒரு பகல் முழுக்க உம்மென்று இருந்தார். “என்ன அத்தான், ஜெயிச்சுட்டோமே?” என்றால், “ஜெயிச்சது சரி மச்சான். ‘புதிய வேலை எதையும் கற்கும் நிலையில் இல்லாதவர்’னு போட்டிருக்காங்களாமே. அவ்வளவு அழுத்தமா போட்டிருக்க வேணாம்” என்றார்.

அந்த வரி அவரைக் குடைந்திருக்கிறது. மாதம் ஒன்று போனதும் மகளிடம் ரகசியமாக, “எழுத்து கத்துக்குடுக்கறியா?” என்று கேட்டாராம். கேட்டவர் மறுநாளே பயந்துபோய் வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“அம்மா, ஒரு சந்தேகம். நான் படிக்கக் கத்துக்கிட்டா, இவருக்குப் படிப்பு வந்துடுச்சுன்னு பணத்த நிறுத்திடுவாங்களா?”

வக்கீல் அம்மா சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. “எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்கெல்லாம் நிறுத்த மாட்டாங்க சார். தைரியமா படிங்க. டாக்டர் பட்டம் வாங்கினா மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

இப்போது தினமும் மாலையில் அத்தான் ஜன்னலோரமாக நின்றுகொண்டு செய்தித்தாளோடு மல்லுக்கட்டுகிறார். உட்கார முடியாததால் நின்றுதான் படிப்பு. அக்கா தைத்துக்கொண்டே கேட்பாள். உதவி செய்யக் கூடாது என்று கட்டளை. அத்தனை வருஷம் உரக்கப் படித்த வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும். போன வாரம் நான் போயிருந்தபோது வானிலை அறிக்கையில் இருந்தார்.

“இ... இன்... இன்று... மா... மாலை...”

அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“மாலை... ப... பர... இது என்ன, ‘வ’வா?... பரவ... பரவலாக... ம... மழ...”

ஜன்னலுக்கு மேலிருந்த தகரத் தடுப்பில் சடசடவென்று சத்தம் கேட்டது. அக்கா துணியை அப்படியே போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். காயப்போட்ட துணிகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. அத்தான் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை வெளிச்சத்துக்காக இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, விரலை அதே வரியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“மழை... பெ... பெய்... யக்... கூ...”